கை ஓரிடம், இதயம் ஓரிடம்

32 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து இதயக் குழாயைத் திறக்கலாம் என்று 2018இல் குஜராத்தில் செய்து காட்டினார்கள். தொழில்நுட்பம் தேறிவிட்டது. கிராமத்து நோயாளியிடம் அது இன்னும் வந்து சேரவில்லை. ஏன்?

அகமதாபாத்தின் அபெக்ஸ் இதய மருத்துவமனை. நோயாளி மேஜைமேல் படுத்திருக்கிறார். ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் ஏற்றியாகிவிட்டது. நர்சுகளும் டெக்னீஷியன்களும் தயார். ஆனால், அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்க வேண்டிய டாக்டர் தேஜஸ் படேல் அந்த அறையில் இல்லை. அந்த ஊரிலேயே இல்லை. சுமார் 32 கி.மீ. தொலைவில், காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில், கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் அமர்ந்து ஜாய்ஸ்டிக்கை நகர்த்திக்கொண்டிருந்தார் அவர். அந்த அசைவுகளை இணையத் தொடர்பு வழியே வாங்கிக்கொண்ட ரோபாட் கை ஒன்று, நோயாளியின் இதயத் தமனிக்குள் கம்பியைச் செலுத்தியது.

2018 டிசம்பர் முதல் வாரத்தில் இப்படி ஐந்து பேருக்குச் சிகிச்சை நடந்தது. சிக்கல் எதுவும் இல்லை. ஐவரும் மறுநாளே வீடு திரும்பினார்கள். டாக்டரும் நோயாளியும் வெவ்வேறு ஊர்களில் இருக்க, மனிதருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது உலகில் அதுவே முதல் முறை. 2019இல் மருத்துவ இதழ் ஒன்றில் அதன் விவரங்கள் வெளியாயின. நகரத்து நிபுணர் இனி நாட்டின் எந்த மூலையிலும் உள்ள இதயத்தைத் தொடலாம் என்று பத்திரிகைகள் எழுதின.

ஐந்தே ஆண்டுகளுக்குள் கதை திசைமாறியது. அந்த ரோபாட்டைத் தயாரித்த நிறுவனத்தை விலைக்கு வாங்கிய பெரிய கம்பெனி, இதயச் சிகிச்சைக்கான ரோபாட் வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2023இல் அறிவித்தது. இயந்திரம் தோற்றுப்போய் விலக்கப்படவில்லை என்பதுதான் விசேஷம். எங்கே இடறியது என்று பார்க்கப்போனால், மருத்துவத்தில் தொலைவு என்பதற்கே வேறு பொருள் இருப்பது தெரியவரும்.

நிழலைப் பார்த்து வேலை

ஆஞ்சியோபிளாஸ்டியில் மார்பைப் பிளப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடை மடிப்பிலோ சின்னத் துளை போட்டு, அதன் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத் தமனியின் வாய்வரை கொண்டுபோகிறார்கள். அதற்குள்ளிருந்து சுமார் 0.36 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி ஒன்று அடைப்பைத் தாண்டிச் செல்கிறது. கம்பியின் மீதேறி பலூன் போகிறது. பலூன் விரிந்து அடைப்பை ஒதுக்க, ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் அங்கேயே தங்கிப் பாதையைத் திறந்து வைக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது டாக்டரின் கண்ணுக்கு இதயம் தெரிவதில்லை. எக்ஸ்-ரே திரையில் ஓடும் சாயத்தின் நிழல்தான் தெரிகிறது.

நிழலைப் பார்த்து உடம்புக்குள் நடமாடும் இந்த வித்தை பழையது. ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன் கை நாளத்தின் வழியே இதயம்வரை ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்-ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அன்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். 1956இல் நோபல் பரிசு வந்தது. ஆன்ட்ரியாஸ் கிரன்ட்சிக் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் செய்து பார்த்த பலூன் கதீட்டர், 1977 செப்டம்பர் 16 அன்று ஜூரிக்கில் முதல் முறையாக மனித இதயத் தமனியில் விரிந்தது. பின்னர் அமெரிக்காவுக்குப் போன கிரன்ட்சிக்கிடம் பயிற்சி பெற்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1980களின் நடுவில் சென்னையிலிருந்து இந்தச் சிகிச்சையை இந்தியாவில் வேரூன்றச் செய்தார்.

டாக்டர் பார்ப்பது திரையை என்றால், அவர் நோயாளியின் பக்கத்தில்தான் நிற்க வேண்டுமா? இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து இதய மருத்துவரும் பொறியியல் ஆய்வாளருமான ரஃபேல் பெயாரும் அவர் சகாக்களும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் தொடங்கிய முயற்சி கொரின்டஸ் என்ற நிறுவனமாக வளர்ந்து, கோர்பாத் என்ற ரோபாட்டைத் தந்தது. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு அனுமதி கொடுத்தது. 2016இல் மேம்பட்ட மாடலும் வந்தது.

ரோபாட் என்றதும் சினிமாவில் வரும் எந்திர மனிதனை நினைத்துக்கொள்ள வேண்டாம். நோயாளியின் மேஜை ஓரத்தில் பொருத்திய ஒற்றைக் கை, அதன் நுனியில் ஒரு கேசட். கேசட்டுக்குள் இருக்கும் உருளைகள் கம்பியையும் பலூனையும் பற்றி முன்னும் பின்னும் தள்ளும். கம்பியைத் திருகவும் செய்யும். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய கேசட்டை அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது. டாக்டரின் முன் மூன்று ஜாய்ஸ்டிக்குகள்: கம்பிக்கு ஒன்று, பலூனுக்கும் ஸ்டென்ட்டுக்கும் ஒன்று, வழிகாட்டும் கதீட்டருக்கு ஒன்று. மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தலாம். கை நடுங்காது, களைப்பும் தெரியாது. ஆனால், கம்பி எதிலாவது முட்டும்போது விரல் நுனியில் உணரும் அந்த லேசான எதிர்ப்பு இதில் கிடையாது. கண்ணைக் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டும்.

முதல் லாபம் டாக்டருக்கு

இந்த இயந்திரம் முதலில் கிராமத்து நோயாளியை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. நகரத்து டாக்டரை எக்ஸ்-ரேயிலிருந்து காப்பாற்றவே உருவானது.

கேத் லேப் எனப்படும் அந்த அறையில் இதய மருத்துவர்கள் பல கிலோ எடையுள்ள ஈய அங்கியைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்கிறார்கள். முதுகுவலியும் கழுத்துவலியும் அவர்களுடைய தொழில் நோய்கள். கதிர்வீச்சு பற்றிய பயம் வேறு. இஸ்ரேலைச் சேர்ந்த ஏரியல் ரோகுயினும் சகாக்களும், கதிர்வீச்சு அறைகளில் வேலை பார்த்து மூளை, கழுத்துக் கட்டிகளுக்கு ஆளான 31 டாக்டர்களின் விவரங்களைத் திரட்டி 2013இல் வெளியிட்டார்கள். கட்டி எந்தப் பக்கம் என்று தெரிந்த 26 பேரில் 22 பேருக்கு இடப்பக்கம். டாக்டர் நிற்கும் நிலையில் எக்ஸ்-ரே குழாய்க்கு அருகில் இருப்பது அவருடைய இடப்பக்கம்தான். கதிர்வீச்சுதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் துறையில் பலர் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ரோபாட்டை இயக்கும் டாக்டர் ஈயக் கவசமிட்ட அறைக்குள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். 164 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியானபோது, சிகிச்சை செய்பவர் மீது படும் கதிர்வீச்சு, மேஜை அருகே நிற்பதைவிட 95 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. பெரும்பாலான சிகிச்சைகளும் வெற்றி. மூன்று மீட்டர் தள்ளி உட்கார முடியும் என்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் என்ன என்ற யோசனை இதிலிருந்துதான் கிளைத்தது.

அறைக்குள் இருந்தவர் யார்?

காந்திநகர் சாதனையைக் கூர்ந்து பார்த்தால் இன்னொரு விஷயம் புலப்படும். ஐந்து நோயாளிகளுமே எளிய, ஒற்றை அடைப்பு உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மாரடைப்போடு துடித்துக்கொண்டு வந்தவர்கள் அல்ல. தமனிக்கு வழி திறந்ததும் கதீட்டரை ஏற்றியதும் அகமதாபாத்தில் இருந்த டாக்டர் குழு. இணைப்பு அறுந்தாலோ தமனி கிழிந்தாலோ உடனே கையில் எடுத்துக்கொள்ளும் திறமை அந்த அறையிலேயே தயாராக இருந்தது.

முதல் சோதனைக்கு இந்த எச்சரிக்கை அவசியம். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இதையே ஒரு மாவட்டத் தலைநகரத்துக்குக் கொண்டுபோனால் கணக்கு மாறுகிறது. அங்கே முதலில் கேத் லேப் வேண்டும். எக்ஸ்-ரே இயந்திரம், விட்டுப்போகாத மின்சாரம், அறுந்துபோகாத இணைப்பு, பயிற்சி பெற்ற நர்சுகள், டெக்னீஷியன்கள் வேண்டும். ரோபாட் வேண்டும். அது நின்றுபோனால் கையால் தொடர ஒரு டாக்டரும் வேண்டும். அப்படிப்பட்ட டாக்டர் அங்கே இருந்தால், எளிய அடைப்பை அவரே நீக்கிவிடுவாரே? தொலைவிலிருந்து இன்னொருவர் எதற்கு?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று உண்டு. உள்ளூர் டாக்டருக்கு அனுபவம் குறைவாக இருக்கலாம்; கடினமான கட்டத்தில் மூத்தவரின் கை உதவிக்கு வரலாம். ஆக, டாக்டர் இல்லாத ஊருக்கு ரோபாட்டால் டாக்டரைக் கொடுத்துவிட முடியாது. இருக்கும் டாக்டருக்குத் துணையாக மூத்த டாக்டரைக் கூட்டிவர முடியும்.

வடக்கு விரிகுடாவின் பாடம்

இதை ஏற்கெனவே ஒரு நாடு பரிசோதித்துப் பார்த்துவிட்டது. தொலைதூர அறுவைச் சிகிச்சையின் வரலாற்றில் எல்லோரும் சொல்வது 2001 செப்டம்பர் 7ஆம் தேதியை. நியூயார்க்கில் இருந்தபடி ஜாக் மாரெஸ்கோ குழுவினர், அட்லான்டிக்குக்கு அப்பால் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை ஜீயஸ் என்ற ரோபாட் மூலம் அகற்றினார்கள். இதற்கென்றே தனிக் கண்ணாடியிழை இணைப்பு ஏற்பாடாகியிருந்தது. நான்கே நாளில் நியூயார்க் வேறு காரணத்துக்காக உலகச் செய்தியாகிவிட்டது.

அதிகம் பேசப்படாதது அதற்குப் பிறகு கனடாவில் நடந்தது. ஒன்டாரியோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரில் இருந்த டாக்டர் மெஹ்ரான் அன்வாரி, சுமார் 400 கி.மீ. வடக்கே உள்ள நார்த் பே என்ற சிற்றூரின் மருத்துவமனையோடு 2003இல் கைகோத்தார். இது ஒருநாள் வேடிக்கை அல்ல. தொடர்ந்து நடந்த சேவை. 21 லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சைகளின் விவரத்தை 2005இல் அன்வாரி குழு வெளியிட்டது. நோயாளியின் பக்கத்தில் உள்ளூர் அறுவை மருத்துவர்களே நின்றார்கள். ஹாமில்டனுக்குப் போயாக வேண்டும் என்ற நிலை இருந்த சிகிச்சைகளை நோயாளிகள் சொந்த ஊரிலேயே பெற்றார்கள். தொலைவு ரோபாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாடு சொல்வது கடினம்.

ஆனால் அதே 2003இல் ஜீயஸைத் தயாரித்த கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனம், அதன் போட்டியாளரான இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கலுடன் இணைந்துவிட்டது. இணைந்த நிறுவனம் தன் டாவின்சி ரோபாட்டை வைத்துக்கொண்டு ஜீயஸை ஓரங்கட்டியது. டாவின்சியில் டாக்டர் அதே அறையில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார். பெரிய மருத்துவமனைகள் அதைத்தான் வாங்கின.

கோர்பாத்துக்கும் இதே சாயலில் ஒரு கதை. 2019இல் ஜெர்மனியின் சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ், கொரின்டஸை சுமார் 110 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் இதயச் சிகிச்சைக்கான ரோபாட்டை நிறுத்திவிட்டு, மூளை ரத்தக் குழாய்ச் சிகிச்சை பக்கம் கவனத்தைத் திருப்புவதாகச் சொன்னது. ஆஞ்சியோபிளாஸ்டியைக் கையால் செய்வதே வேகமாகவும் மலிவாகவும் இருக்கும்போது, டாக்டரின் முதுகையும் தலையையும் காப்பாற்ற மட்டும் பெரும் பணம் செலவிட மருத்துவமனைகள் பொதுவாகத் தயங்குகின்றன. கிராமங்களோ வாடிக்கையாளர் பட்டியலிலேயே இல்லை. ரோபாட்டை நம்பிச் சேவையைத் தொடங்கும் மருத்துவமனை, உதிரி பாகமும் கேசட்டும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

எந்தத் தாமதம்?

தொலைவிலிருந்து சிகிச்சை என்றதும் எல்லோரும் கேட்பது சிக்னல் தாமதத்தைப் பற்றி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில இதய மருத்துவர் ரயன் மேடரும் குழுவும் இதைச் செயற்கையாகக் கூட்டிப் பார்த்தார்கள். 250 மில்லி செகண்ட், அதாவது கால் செகண்ட் தாமதத்தை டாக்டர்கள் பெரிதாக உணரவில்லை. 400 மில்லி செகண்டை எட்டியபோதுதான் வேலை தடைபடுவதாகச் சொன்னார்கள். நல்ல கண்ணாடியிழை இணைப்பில் ஒரு கண்டத்தைக் கடந்தாலும் அந்த வரம்புக்குள் இருக்க முடியும். மில்லி செகண்டுகளின் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

தீராதது மணிக்கணக்கின் பிரச்சினை. இதயத் தமனி முழுவதுமாக அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது. வசதியுள்ள மருத்துவமனை என்றால், மருத்துவ உதவி கிடைத்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது விதி. வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றிக் கொண்டுவருவதாக இருந்தால் 120 நிமிடம். அதற்குள் முடியாது என்றால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும். நம் நாட்டில் வாயுப் பிடிப்பு என்று நினைத்து வீட்டிலேயே கழிகிற நேரம், வண்டி தேடுகிற நேரம், முதலில் போன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்க ஆளில்லாத நேரம் என்று மணிகள் ஓடிவிடுகின்றன. இவற்றில் எதையும் ஜாய்ஸ்டிக் குறைக்காது.

குறைத்துக் காட்டிய முயற்சி ஒன்று இந்தியாவிலேயே உண்டு. டாக்டர்கள் தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லசாரியும் முன்னின்று 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நடத்திய திட்டம் அது. சின்ன மருத்துவமனைகளை ஆரங்களாகவும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையை அச்சாகவும் வைத்துச் சக்கரம் போல இணைத்தார்கள். ஆரத்தில் எடுத்த இ.சி.ஜி. மின்னணு வழியில் அச்சுக்குப் போகும். நிபுணர் பார்த்துச் சொல்வார். அங்கேயே ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி. பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். 2,420 நோயாளிகளின் விவரத்தோடு 2017இல் முடிவுகள் வெளியாயின. திட்டத்துக்கு முன் 17.6 சதவீதமாக இருந்த ஓராண்டு இறப்பு, பின்னர் 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. இங்கேயும் நிபுணர் தொலைவில்தான் இருந்தார். பயணம் செய்தது அவருடைய கையல்ல, தீர்ப்பு. அதற்குத் தேவைப்பட்டது ஒரு சிறு கருவியும் தொலைபேசி இணைப்பும்.

விதி எங்கே?

சட்டத்தின் நிலையும் தெளிவாக இல்லை. கோவிட் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் நெறிமுறைகள், டாக்டர் போனிலும் வீடியோவிலும் ஆலோசனை சொல்ல வழி செய்தன. தொலைவிலிருந்து அறுவைச் சிகிச்சை செய்வதையும் உடலுக்குள் கருவி செலுத்துவதையும் மட்டும் தங்கள் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டன. இணைப்பு பாதியில் அறுந்து நோயாளிக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு? ஜாய்ஸ்டிக் பிடித்தவருக்கா, மேஜை பக்கத்தில் நின்றவருக்கா, தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கா, ரோபாட் செய்தவருக்கா?

இயந்திரங்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை. டாக்டர் சுதிர் ஸ்ரீவாஸ்தவா நிறுவிய குருகிராம் கம்பெனி தயாரித்த மந்த்ரா என்ற இந்திய அறுவைச் சிகிச்சை ரோபாட்டைத் தொலைதூரச் சிகிச்சைக்குப் பயன்படுத்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. 2025 ஜனவரியில் குருகிராமிலிருந்து 286 கி.மீ. தள்ளி ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு அதன் மூலம் இதய அறுவைச் சிகிச்சையின் ஒரு கட்டம் நடந்தது. உள்நாட்டில் செய்தால் விலை குறையும் என்பது நல்ல செய்தி. ஸ்டென்ட் விலைக்கே 2017இல் அரசு உச்சவரம்பு கட்ட வேண்டிவந்த நாட்டில், அந்த வித்தியாசம் அற்பமல்ல. ஆனாலும், குருகிராமும் ஜெய்ப்பூரும் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர்கள்.

அடுத்தது மூளை

துறையின் கவனம் இப்போது பக்கவாதத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. மூளைத் தமனியில் சிக்கிய ரத்தக்கட்டைக் கதீட்டர் மூலம் வெளியே இழுக்கும் சிகிச்சையும் அதே போல நிழலைப் பார்த்துச் செய்வதுதான். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை, நோயாளியின் பேச்சும் நடையும். இதில் தேர்ந்த டாக்டர்கள் இதய மருத்துவர்களைவிட மிகக் குறைவு. 2019 நவம்பரில் கனடாவின் டொரன்டோவில் விட்டர் மென்டெஸ் பெரைரா குழு, கோர்பாத் உதவியோடு மூளைத் தமனி வீக்கம் ஒன்றுக்குச் சிகிச்சை செய்தது. 2025 நவம்பரில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த டாக்டர் ரிகார்டோ ஹனெல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த உடலில் ரத்தக்கட்டு அகற்றும் முறையைச் செய்து காட்டியதாகச் செய்தி வந்தது. பயன்படுத்தியது லித்துவேனியாவில் உருவான சென்டான்டே ரோபாட்டை. அது உயிருள்ள நோயாளி அல்ல; மருத்துவ ஆய்வுக்காகத் தானமளிக்கப்பட்ட சடலம்.

இதயத்தில் பலிக்காதது மூளையில் பலிக்கக்கூடும். இதயத்துக்கு உள்ளூரில் மாற்று டாக்டர் கிடைப்பார். மூளைக்குப் பல மாவட்டங்களில் கிடைப்பதில்லை. கதீட்டர் பழகிய இதய மருத்துவரோ ரேடியாலஜிஸ்ட்டோ மேஜை பக்கத்தில் நிற்க, மூளை நிபுணர் தொலைவிலிருந்து கடைசிக் கட்டத்தை நடத்தும் ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரலாம். நார்த் பேயில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

அதற்கு வரிசை முக்கியம். முதலில் பக்கவாதம் என்று கண்டுபிடிக்கும் சி.டி. ஸ்கேன், படத்தை நொடியில் அனுப்பும் இணைப்பு, ஊசி மருந்து, ஆம்புலன்ஸ். அடுத்து ஆளுள்ள கேத் லேப். ரோபாட் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. முந்தைய கண்ணிகள் இருக்கும் ஊரில் அது உயிர் காக்கும். இல்லாத ஊரில் துணி போர்த்திய விலையுயர்ந்த கருவியாக மூலையில் நிற்கும். புதிய ரோபாட்டைத் திறந்து வைக்க வரும் அமைச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: பக்கத்து தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு இ.சி.ஜி. எடுக்க ஆள் இருக்கிறாரா?